ட்வெய்ட்டா ஏழாம் மாடியில் தங்கிவிட்ட படக்குழு

இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு ஐப்பசியில் ஒரு ஞாயிறு மாலை, ஒஸ்லோவின் ட்வெய்ட்டாவில் ஏழாம் மாடியில் இருந்த ஆனந்தராஜாவின் வீட்டில், ஒரு பழைய ஹொலிவூட் சாகசப் படத்தின் நடிகர்களும் தொழிலாளர்களும் ஓர் ஒட்டகமும் குடியேறினார்கள். எல்லோரும் கறுப்பு வெள்ளை, ஒட்டகம் உட்பட. பிழை ஆனந்தராஜாவுடையதுதான். இலங்கையில் போர்நிறுத்தம் வந்து வன்னிக்குப் பாதை திறந்த அந்த வருடம், ஊருக்குப் போய்வந்த உறவுக்காரர் ஒருவர், ஆனந்தராஜாவின் மனைவி பூமணியின் தம்பி கிருபனுக்குக் கிளிநொச்சியில் நடந்த கலியாணத்தைக் கைக்கமராவில் எடுத்து வந்திருந்தார். பிரதி எடுக்க இரவல் தந்ததை அன்றைக்கே திருப்பிக் கொடுக்கவேண்டும். வீட்டில் வெறுங்கசெட் இல்லை, ஞாயிறென்றால் கடையும் பூட்டு. பள்ளிக்கூடத்துப் பழைய சாமான் சந்தையில் வாங்கிய படக் கசெட் ஒன்று கிடந்தது. எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதைத்தான் ஆனந்தராஜாவும் செய்தார்: மேலே பதியவிடாமல் தடுக்கிற கசெட்டின் முதுகு ஓட்டையில் செலோடேப் ஒட்டிவிட்டு, படத்தின் மேலேயே கலியாணத்தைப் பதிந்தார். படத்துக்குள் இருந்தவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லாமல் போயிற்று.

நீண்ட சப்பாத்துப் போட்ட இயக்குநர், கலியாணத்தை அழித்தால் அடியில் தங்கள் படம் அப்படியே கிடக்கும், உடனே போய்விடுவோம் என்று மரியாதையாகச் சொன்னார். பூமணி மாட்டேன் என்றாள். சரி, அதுவரை வேலையைப் பார்க்கிறோம் என்று அவர்கள் வரவேற்பறையில் பாலைவனத்தைப் போட்டார்கள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் மனிசர் வாழ முடிந்ததா என்று கேட்டால், முடியவில்லை. புட்டில் மண், படுக்கையில் மண், மகள் யதுர்ஷாவின் பள்ளிப் பையில் மண். தாகத்தால் சாகிற கதாநாயகன் குசினித் தண்ணிக் குழாய்க்குப் பக்கத்திலேயே வருடக்கணக்காகச் செத்துக்கொண்டிருந்தான். எத்தனை தரம் செத்தாலும் இயக்குநருக்குத் திருப்தியில்லை, இன்னொரு தரம் என்பார். ஒலிப்பதிவுக்காரர் கையை உயர்த்தினால் பூமணி கடுகு தாளிக்கக்கூடாது, தும்மக்கூடாது. விருந்துக்கு வந்தவர்களின் மூக்கு மினுங்குகிறதென்று ஒப்பனைக்காரி கேளாமலே பவுடர் போட்டுவிட்டாள். சனம் வருவதைக் குறைத்துக்கொண்டது. கீழ்வீட்டுக் கிழவி முறையிட, குடியிருப்புச் சங்கத் தலைவர் வந்து எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார். இரவு பதினொரு மணிக்குப் பிறகு ஒட்டகம் நடக்கக்கூடாது, பால்கனியில் அதற்குக் கம்பளம் விரிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நோர்வேக்காரருக்கு அது போதும்.

ஆனந்தராஜா பஸ் ஓட்டுகிறவர். வேலை முடிந்து வந்தால் இருக்க ஒரு கதிரை கிடைக்காது. அவருக்கு விசர் பிடித்ததில் நியாயம் இருக்கிறது. மூன்றாம் வருட மாரியில் ரிமோட்டை எடுத்து, கலியாணத்தை அழித்துவிடப் பதிகிற பொத்தானில் விரலை வைத்தே விட்டார். பூமணி பறித்துவிட்டாள். பனி உருகும்வரை அவரோடு கதைக்கவில்லை, சோற்றை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். அவளுக்குத் தம்பி அந்த ஒரு கசெட்டில்தான் அசைந்தான். அவள் நாட்டைவிட்டு வரும்போது அரைக்காற்சட்டையோடு நின்றவன், அதில் தாலி கட்டிவிட்டு நிமிர்ந்து, ஆரும் சொல்லாமலே கமராவைப் பார்த்து, "அக்கா, சாப்பிட்டியே?" என்று கேட்பான். அவ்வளவுதான். அதற்காக அவள் மண் தின்றாள். அதேநேரம் அந்தக் கூட்டத்தை வாய் ஓயாமல் திட்டவும் செய்தாள், திட்டிக்கொண்டே அத்தனை பேருக்கும் சமைத்தும் போட்டாள். ஞாயிறுகளில் அவள் கசெட்டைப் போட்டால் அவர்களும் பின்னால் வந்து நின்று பார்ப்பார்கள்.

இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில், முள்ளிவாய்க்காலில் கிருபனும் மனைவியும் இல்லாமல் போன செய்தி வந்தது. யதுர்ஷாவும் ஆனந்தராஜாவும் ஒஸ்லோப் பாராளுமன்றத்துக்கு முன்னால் போரை நிறுத்தச் சொல்லி நின்ற சனத்தோடு போய் நின்றார்கள். பூமணி போகவில்லை. பகல் முழுக்க ரீவிக்கு முன்னால் இருந்தாள். பின்னால் படக்குழு நின்றது. அவர்கள் அப்படி நின்றது அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. யார் மேலாவது கோபப்படவேண்டியிருந்தது, இயக்குநர் பக்கத்தில் நின்றார். ஏழு வருடத்தில் வீட்டுத் தமிழ் அவருக்குப் பிடிபட்டிருந்தது.

"நாங்கள் எல்லாரும் வேலைக்குப் போனாப் பிறகு பகல் முழுக்க நீங்கள்தானே இஞ்சை இருந்தனீங்கள்," என்றாள் பூமணி. "ஒரு பொத்தானை அமத்தியிருந்தா வீட்டுக்குப் போயிருப்பியள். ஏன் அமத்தேல்லை?"

இயக்குநர் தொப்பியைக் கழற்றினார்.

"வந்த முதல் கிழமையே அமத்தத்தான் போனனான். எப்பிடி இருக்கெண்டு ஒருக்காப் பாத்தன். கமராவைப் பாக்கக்கூடாதெண்டு வாழ்நாள் முழுக்க ஆக்களை ஏசினவன் நான். உங்கட தம்பி பாத்தவர். அதை இன்னொரு தரம் எடுக்கேலாது, பூமணி."

பூமணி அப்போதுதான் அழுதாள். ஒப்பனைக்காரி வந்து முகத்தைத் துடைத்துவிட்டாள், பவுடர் போடவில்லை. பிறகு பூமணி எழும்பிப் போய் உலையை வைத்தாள், அத்தனை பேருக்கும். ஆனந்தராஜா வந்து இருக்க இடம் தேடி, ஒருவரும் விலகாததால் வழக்கம்போல் நின்றபடியே சாப்பிட்டார். அடுத்த வசந்தத்தில் குடியிருப்புச் சங்கம் முற்றம் கூட்டுகிற முறைப்பட்டியலில் அவர்களையும் சேர்த்தது. அவர்கள் கறுப்பு வெள்ளையாகவே போய்க் கூட்டிவிட்டு வந்தார்கள்.