காரோட்டுக் கிணறுகளில் உப்பில்லை

என் தங்கை பின்சிக்கு உண்மை பேசும் கெட்ட பழக்கம் உண்டு. இவ்வளவும் அதனால் வந்ததுதான்.

எங்கள் ஊரான காரோட்டின் கிணறுகளில் கடல் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதுதான் அவளுடைய பி.எச்டி. வீடு வீடாகப் போய்ப் பாட்டிலில் தண்ணீர் வாங்கினாள். சோதித்துப் பார்த்தால் உப்பே இல்லை. திருவனந்தபுரத்தில் அவளுடைய கைடு ஜெயச்சந்திரன் சாருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். எல்லோரும் ஏறுகிறது என்று எழுதும்போது ஏறவில்லை என்று எழுதினால் உலகமே திரும்பிப் பார்க்குமாம்.

அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு கிருஷ்ணன்குட்டி, என்னோடு வந்துகொண்டிருந்த அவளை வழியில் நிறுத்தினார்.

“மக்கா, நான் உனக்குத் தந்தது சந்தியில எப்பவாவது வாற பைப்பு வெள்ளமாக்கும். ஜிஜினுக்குப் பெண்ணு பாக்குதோம். கெணறு உப்புன்னு எழுத்துல வந்தா எவன் பெண்ணு தருவான்? நான் மட்டும் இல்ல, கொறே பேரு அப்படித்தான் தந்தது.”

நான் அங்கேயே சிரித்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் வீடு காண வரும் முன்பே கிணற்றுத் தண்ணீர் எப்படி என்று விசாரிப்பார்கள். உப்பு என்று காதில் விழுந்தால் பேச்சு அதோடு முடிந்தது. மனுஷர் மகன் கல்யாணத்தைக் காப்பாற்றியிருக்கிறார், அவ்வளவுதான்.

பின்சி சிரிக்கவில்லை. என் பைக்கின் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு கிணற்றுக்கும் மறுபடி போய், தன் கையாலேயே கோரி எடுத்தாள். வாயில் வைக்க முடியாத உப்பு. அதைக் கைடிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

“பழைய கணக்கு நல்லா வந்திருக்கு பின்சி, அதைக் கலைக்கண்டாம்” என்றாராம்.

சில மாதத்தில் பெரிய ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை வந்துவிட்டது. அந்தப் பழைய கணக்கேதான். எழுதியவர்கள் ஜெயச்சந்திரனும் அவருடைய மருமகனும். மருமகன் காரோட்டை மேப்பில்கூடப் பார்த்திருக்க மாட்டான். நன்றி சொல்லும் பத்தியில்கூட என் தங்கை இல்லை. எங்கள் அப்பா எலியாவோ, மகள் பெயர் அச்சில் வந்ததும் எங்கள் சர்ச் சபையில் சொல்ல வேண்டும் என்று நாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

“விட்டுரு மக்கா. முதல்ல பட்டம் கையில வரட்டும்” என்றேன்.

“பேரு போனா போட்டும் அண்ணா. கணக்கு தப்பு. இதப் பாத்து ஆபீசர்மாரு நம்ம ஊருக்கு குடிவெள்ளத் திட்டம் வேண்டாம்னு எழுதிருவினும்.”

இரண்டு கணக்கையும் வைத்து ஆய்விதழுக்கு எழுதினாள். உங்கள் அக்கறைக்கு நன்றி, இதைத் தீவிரமாக எடுத்துக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. தீவிரமாக எடுத்து என்ன செய்தார்கள்? அவள் எழுதியதை அவள் பெயரோடு ஜெயச்சந்திரனுக்கே அனுப்பி விளக்கம் கேட்டார்கள். அவர், கல்லூரி விசாரிக்கட்டும் என்றார். கல்லூரி ஒரு கமிட்டி போட்டது. அதன் தலைவர், ஜெயச்சந்திரனோடு ஒரே அறையில் வருஷக்கணக்காக டீ குடித்தவர். பின்சியை யாரும் கூப்பிடவே இல்லை. அவள் மறுபடி எழுதியபோது, விசாரிப்பது கல்லூரியின் வேலை, முடிவு வந்ததும் நாங்கள் ஏற்றுக்கொள்வோம் என்றது ஆய்விதழ். கோட்டும் டையும் போட்ட கைகழுவல்.

முடிவு வந்தது. ஆய்விதழ் ஒரு திருத்தம் போட்டது. கட்டுரை சரியே, சில மாதிரிகளில் மட்டும் குளறுபடி, அதற்கு முழுப் பொறுப்பும் தண்ணீர் சேகரித்த மாணவி பின்சி எலியா.

அவள் போனைப் பிடித்தபடி அடுக்களையில் நின்றாள். அப்பா வந்து எட்டிப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, கையெழுத்து மட்டும் ஆங்கிலத்தில் போடுவார். அந்தப் பழக்கத்தில் விரலை வைத்துத் தேடித் தன் பெயரைக் கண்டுபிடித்துவிட்டார்.

“வந்துட்டே மக்கா! எனக்க பேரும் உண்டே. ஞாயிற்றுக்கெழம சபையில சொல்லணும்.”

“சொல்லண்டாம்ப்பா. தப்பு செஞ்சது நான்னு போட்டிருக்கு.”

அப்பா விரலை எடுக்கவில்லை. அப்படியே கேட்டார்.

“அப்போ அந்த சாருக்க பேரு எங்க?”

பின்சி திரையை மேலே தள்ளிக் காட்டினாள். அது கட்டுரையை எழுதியவர் இடத்தில், முன்பிருந்தபடியே இருந்தது.