மோட்டார் பெட்டி கூப்பிட்டது

கரன்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத ஊர் அது. வந்த நேரத்தில் ஒரு மைல் நடந்துபோய் வயல் கிணற்று மோட்டாரைப் போட, அக்கா தங்கை இருவரில் ஒருத்தி எப்போதும் வீட்டிலேயே கிடக்க வேண்டியிருந்தது. சிம் கார்டு போட்ட பெட்டியைக் கிணற்றடியில் மாட்டிய பிறகுதான் விடிவு. கரன்ட் வந்தால் பெட்டியே அக்காவின் செல்லுக்குச் சொல்லும். செல்லில் எண் ஒன்றை அழுத்தினால் மோட்டார் ஓடும். தங்கை தையல் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள்.

ஒரு மழையில் பெட்டி பழுதானது. மெக்கானிக் கழற்றிக்கொண்டு போனார். மறுநாள் மதியம் அக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது அதே பெட்டியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. "மோட்டார் ஓடுகிறது," என்றது பதிவுக் குரல்.

சோதித்துப் பார்க்கிறார் போலும் என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டாள்.

"இன்னும் தொடவே இல்லம்மா. சிம்மு தனியா டிராயர்ல கெடக்கு."

வயலுக்கு விரைந்தாள். வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மோட்டார் அறையில், பெட்டி இருந்த இடத்தில் மூன்று ஒயர்கள் நுனியில் டேப் சுற்றியபடி தொங்கின. கீழே மோட்டார் உறுமியது. அவள் எதையும் தொடவில்லை. வெளியே வந்து தங்கைக்குப் போன் அடித்தாள்.

"யாரு நீங்க?" என்றாள் தங்கை.

"என்னடி கேள்வி? அக்காடி."

"அக்கா இன்னொரு லைன்ல இருக்கா. பெட்டி நம்பர்லேர்ந்து. கெணத்துல விழுந்துட்டேன், சீக்கிரம் வான்னா. பாதி வழி வந்துட்டேன்."

"அங்கேயே நில்லு. கெணத்துப் பக்கம் வராத. நான் வரேன்."

"அவளும் உன்ன மாதிரியேதான் பேசறா. யாரை நம்பறது?"

"யாரையும் நம்பாத. நில்லு, போதும்."

வரப்பில் விழுந்து எழுந்து ஓடினாள். பாதைத் திருப்பத்தில் செல்லைக் காதில் வைத்தபடி தங்கை நின்றிருந்தாள். அக்கா மூச்சுவாங்க அவளெதிரே போய் நின்றாள், வாயைத் திறக்கவில்லை. தங்கை செல்லைக் காதிலிருந்து எடுத்து நீட்டினாள். அதற்குள்ளிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"எங்கடி வந்துட்டே? தண்ணி சில்லுன்னு இருக்கு."

தங்கை செல்லை அணைத்தாள். இருவரும் கைகோத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள்.

மெக்கானிக் பெட்டியைச் சரிசெய்து கொண்டுவந்தபோது, அக்கா அதை வாங்கவில்லை. கையால் போடும் பழைய சுவிட்சையே மாட்டச் சொன்னாள். தங்கை வேலையை விட்டாள். சூப்பர்வைசர் காரணம் கேட்டதற்கு, "தோட்டத்துல ஆள் பத்தல சார்," என்றாள். கரன்ட் வந்தால் இப்போது இரண்டு பேருமே போகிறார்கள்.