பதினொன்றாம் பக்கத்து டிக்

இன்ன விலைக்கு உங்கள் வீட்டை வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்ல ஒரு வரி போதும் என்றுதான் கணவர் நினைத்திருந்தார். மச்சான் சாப்பாட்டு மேசையில் வைத்த படிவமோ பதினான்கு பக்கம். மனைவியின் அண்ணன்தான் வீட்டுத் தரகர். சொந்த மச்சான் நீட்டிய காகிதத்தை அவர் கண் முன்னாலேயே படித்துப் பார்ப்பது மரியாதையில்லை என்று நினைத்து, கணவர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டார்.

மனைவிக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. மருந்துக்கடையில் நாள் முழுக்கப் பொடி எழுத்தோடு மல்லுக்கட்டுகிறவள். வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்பி வருமா, சமையலறை அலமாரி வீட்டோடு சேர்த்தியா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போய், பதினொன்றாம் பக்கத்தில் நின்றாள்.

"அண்ணா, வீட்டை ஆள் வெச்சுப் பரிசோதிக்க வேண்டாம்னு டிக் போட்டிருக்கே?"

"எல்லாரும் போடுறதுதாம்மா. நோண்டாத ஆளுன்னா விக்கிறவங்க சட்டுனு சம்மதிப்பாங்க."

"சும்மா நை நைன்னு கேக்காத" என்றார் கணவர்.

அவள் விடவில்லை. "உன் வீடு வாங்கும்போதும் இப்படித்தான் போட்டியா?"

கணவரின் கையிலிருந்த பேனாவை மச்சான் வாங்கி, அந்த டிக்கின் மேல் கோடு போட்டு அடித்தார்.

"பக்கத்துல ஒரு சின்னக் கையெழுத்து போடுங்க மாப்பிள்ளை. மழை பேஞ்சா எங்க ஹாலுக்கு நாலு வாளி வேணும்."

தங்கை பக்கம் திரும்பினார்.

"நான் டிக் போட்டதை உன் அண்ணிகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா. அவ இன்னும் கொத்தனாரைத்தான் திட்டிட்டிருக்கா."