சீசரின் முழங்கை

பேய், பிசாசு என்று என்னிடம் கதைக்க வருபவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போவார்கள். கிளென் வேவர்லியில் ஒரு மிருக வைத்தியரிடம் எக்ஸ்ரே எடுக்கிற வேலை எனக்கு. எலும்பைத் தவிர வேறெதையும் நம்பாத நாகேஸ்வரி என்று பெயரெடுத்தவள். அப்படிப்பட்ட எனக்கே 1977இல் அது நடந்தது.

கதிர்காமநாதன் அண்ணை தன் அல்சேஷன் நாய் சீசரைக் கூட்டிவந்தார். முன்னங்கால் நொண்டியது. முழங்கையில் சேரும் இரண்டு எலும்பும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். சீசருக்கு ஒன்று சற்று இறங்கியிருந்தது. போன வருடப் படத்தைவிட இறக்கம் கூடியிருந்தால், ஊசி போட்டு ஒரேயடியாக அனுப்பிவிடுவதுதான் புண்ணியம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். மனைவி சந்திரவதனா இறந்த பிறகு அண்ணையோடு அந்த வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே உயிர் அது.

போன வருடம் படமெடுக்கும்போது சீசரைப் பிடித்தது அவள்தான். கதிர் படாமல் போடும் ஈயக் கையுறையைக் கண்டால் நாய் மிரளும் என்று, நான் கத்தக் கத்த, வெறுங்கையால் பிடித்தாள். படத்தில் நாயின் காலைச் சுற்றி அவளுடைய நான்கு விரல் எலும்புகளும் மோதிரமும் விழுந்திருந்தன. ஒப்பிட்டுப் பார்க்க அதை வெளிச்சப் பெட்டியில் மாட்டினேன். அண்ணை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சீசர் அடங்கவில்லை. மயக்க மருந்தை அதன் இதயம் தாங்காது. காலை அழுத்த வைத்த மணல் மூட்டையை உதறியது, என்னைக் கடிக்க வந்தது. சனியன் பிடித்த நாய் என்று நானும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். திடீரென்று அடங்கியது. காலை நீட்டிப் படுத்து, மேசைக்கு அந்தப் பக்கம் யாருமில்லாத இடத்தை அண்ணாந்து பார்த்து வாலை ஆட்டியது.

அண்ணை மெல்லச் சொன்னார்: "இறுக்கிப் பிடியாதையும், வதனா. அதுக்கு நோகும்."

அவரைத் தடுப்புக்குப் பின்னால் இழுத்துப்போய்ப் பொத்தானை அழுத்தினேன்.

படத்தில் விரல் எதுவும் இல்லை. அப்பாடா என்றிருந்தது. டொக்டர் கோடு போட்டு அளந்தார். இறக்கம் கூடவில்லை. ஊசியும் வேண்டாம், இனிப் படமும் வேண்டாம் என்றார்.

சொல்ல ஓடினேன். அண்ணை சீசரின் முன்னங்காலருகே குனிந்திருந்தார். அடர்ந்த மயிர் நான்கு இடத்தில் அழுந்திக் கிடந்தது. அதன்மேல் தன் விரல்களை வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை, அந்தத் தடம் சின்னக் கையுடையது.

"அடுத்த படம் எப்ப, தங்கச்சி?"

"இனித் தேவையில்லையாம், அண்ணை. சீசருக்கு ஒரு ஆபத்துமில்லை."

அவர் அப்போதுதான் வெளிச்சப் பெட்டியிலிருந்த பழைய படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப அவள் இனி எதுக்கு வரப்போறாள்?" என்று கேட்டு, அழத் தொடங்கினார்.