சுழல்கதவுக்கு மேலே

மறதி நோய் வந்தவர்களுக்குப் பழைய கால்பந்துப் படங்களைக் காட்டிப் பேச வைக்கும் வியாழக்கிழமைக் கூட்டத்தில், போன வாரம் ஹூகி 1968ஆம் வருஷ அணியின் பதினோரு பேரையும் மூச்சு விடாமல் சொல்லிவிட்டார். கோல்கீப்பரில் தொடங்கி இடது ஓரத்தில் ஓடும் பொடியன் வரைக்கும் ஒரு பெயர் பிசகவில்லை. கட்டிய மனைவியின் பெயர் அன்று காலையில் அவருக்கு ஞாபகம் வரவில்லை என்பது வேறு விஷயம். தேவாலயக் கூடத்தில் இருந்த எல்லோரும் கை தட்டினார்கள். கூட்டத்தை நடத்தும் மொய்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாராவாரம் ஹூகியைக் காரில் கூட்டிவரும் லாக்லனும் கை தட்டினார். தட்டும்போதே அடுத்த வாரம் எந்த வருஷம் வரும் என்று மனசுக்குள் எண்ணிப் பார்த்தார்.

மொய்ரா படங்களை வருஷ வரிசையில்தான் கொண்டுவருவார். வாரத்துக்கு ஒரு வருஷம். அறுபதில் தொடங்கியபோது லாக்லனுக்குக் கொண்டாட்டமாகத்தான் இருந்தது. ஊர் அணியான கிர்க்லாரன் ரோவர்ஸ் கோப்பைப் போட்டிகளில் பெரிய அணிகளைத் திணறடித்த காலம் அது. மழையில் ஊறிய தோல்பந்து, ஆட்டிறைச்சி அடைத்துச் சுட்ட பணியாரத்தின் கொழுப்பு உள்ளங்கையில் வழிவது, மில்பிரே மைதானத்தின் தகரக் கூரை அதிரும் சத்தம் எல்லாம் திரும்பி வந்தன. ஹூகியும் பழைய ஹூகியாகத் திரும்பி வந்தார். ஆனால் அறுபத்தெட்டுக்கு அடுத்து அறுபத்தொன்பதுதானே வரவேண்டும்? மடியில் கனம் உள்ளவனுக்குத்தான் வழியில் பயம். லாக்லன் ஒரு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை.

இந்த வியாழக்கிழமை ஹூகியின் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, இறங்காமல் கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போய் மணியடித்ததும் ஹூகியின் மனைவி செங்கா கதவைத் திறந்தார்.

"காலையில இருந்து ஸ்கார்ஃபைச் சுத்திக்கிட்டு ஜன்னல்கிட்டயே நிக்கிறாரு. இன்னிக்கு மேட்ச் இருக்காம்."

"மழையா இருக்கே செங்கா. அவனுக்கு இருமல் வேற. இந்த ஒரு வாரம் விட்டுடலாமா?"

செங்கா அவரைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. "அந்த ரெண்டு மணி நேரம்தான் லாக்லன் நான் மூச்சு விடுறதே" என்றார்.

லாக்லன் போய்க் கார்க் கதவைத் திறந்துவிட்டார். ஹூகி காரில் ஏறிக் கண்ணாடியைத் துடைத்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். மைதானம் இருந்த இடத்தில் இப்போது பெரிய அங்காடி ஒன்று நிற்கிறது. அதைத் தாண்டும்போது, "என்னடா, கூட்டத்தையே காணோம்?" என்றார். லாக்லன் வேகத்தைக் கூட்டினார்.

அன்றைக்கு இருந்த கூட்டம்! எட்டாயிரம் பேர் நிற்கவேண்டிய மில்பிரேயில் பன்னிரண்டாயிரம் பேர். 1969 மார்ச், கோப்பைப் போட்டி. லாக்லனுக்கும் ஹூகிக்கும் இருபது வயது. வாசலில் சுழலும் இரும்புக் கதவுக்கு முன்னால், எப்போதும்போலக் காசில்லாத பொடியன்கள் நின்றார்கள். யாராவது பெரியவர் இடுப்பைப் பிடித்துக் கதவுக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் இறக்கிவிட்டால் பையனுக்குக் காசு கிடையாது. வாசல்காரனும் கண்டுகொள்ள மாட்டான். ஸ்காட்லாந்தில் எந்த மைதானத்திலும் அதுதான் வழக்கம். லாக்லனே அப்படித் தூக்கப்பட்டு வளர்ந்தவர்தான். அன்று ஒரு பையன் அவர் கோட்டைப் பிடித்து இழுத்தான். ஹூகி வேண்டாம் என்றார். லாக்லன் தூக்கினார். ஒன்பது வயசுப் பையனுக்கு எடையே இல்லை. இரண்டாவது கோல் விழுந்தபோது நின்று பார்க்கும் சரிவில் கூட்டம் மொத்தமும் கீழே இறங்க, முன்வரிசைக்கு எதிரே இருந்த செங்கல் சுவர் இடிந்தது. காயம்பட்டவர்கள் பலர். செத்தது ஒரே ஒருவன், லாக்லன் தூக்கிவிட்ட அந்தப் பையன். மொய்ராவின் தம்பி, காலம் என்று பெயர்.

அதோடு போயிருந்தால்கூட லாக்லன் எப்படியோ தேற்றிக்கொண்டிருப்பார். சுவரைக் கட்டியவன் அவரில்லை, கூட்டத்தைத் தள்ளியவரும் அவரில்லை. ஆனால் கல்லறைத் தோட்டத்தில் அந்தப் பையனின் தாய் எஃபி, பதினாலு வயது மகள் மொய்ராவின் தோளைப் பிடித்து உலுக்கி, "உள்ள போகக் காசு நீதானேடி குடுத்த! அவனைத் தொலைச்சுக்கட்டிட்டு அந்தக் கடைக்காரப் பையனைப் பாக்கப் போனியாடி!" என்று கத்தினாள். ஊரே கேட்டது. "நான் குடுக்கலம்மா" என்று அந்தப் பெண் சொன்னதையும் ஊர் கேட்டது, ஆனால் நம்பவில்லை. இரண்டு வரிசை பின்னால் நின்ற லாக்லன் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று திறந்திருக்க வேண்டிய வாய்.

கூடத்தில் எக் என்கிற கிழவர் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டிருந்தார். அவருக்கு எழுபத்தெட்டு வயது, வாய்க்கு மட்டும் பதினெட்டு.

"நம்ம பெனால்டி போடுற இடத்துலதான் இப்ப அங்காடிக்காரன் உறைஞ்ச பட்டாணி வச்சிருக்கான், தெரியுமா? நேத்துப் போய் நின்னு பாத்தேன்."

"உங்க காலத்து முன்கள ஆட்டக்காரனுக்கு அதுவே பொருத்தம்" என்றார் ஹூகி. "கூரைக்கு மேல அடிக்கிறதுக்கே சம்பளம் வாங்குனவன்."

எல்லோரும் சிரித்தார்கள். மொய்ரா சிரிக்கவில்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, எப்போதும் நின்றபடியே பேசுகிறவர், இன்று ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு ஹூகிக்கு எதிரே உட்கார்ந்தார். உறையிலிருந்து ஒரே ஒரு படத்தை எடுத்தார்.

"இன்னிக்கு ஆட்டக்காரங்க இல்ல. வாசல்."

கறுப்பு வெள்ளைப் படம். தொப்பி வைத்த ஆண்கள், இரும்புக் கதவு, கீழே பொடியன்கள். லாக்லன் யோசிக்காமல் அதன்மேல் கையை வைத்தார்.

"இது நம்ம வாசலே இல்ல மொய்ரா. வேற ஊர்."

"கையை எடுங்க லாக்லன்."

"நம்ம வாசல்தான்டா" என்றார் ஹூகி. "உனக்கு மறதி வந்துடுச்சா?" எக் மேசையைத் தட்டிச் சிரித்தார். லாக்லன் கையை எடுத்தார்.

ஹூகி படத்தின்மேல் விரலை ஓட்டினார். "இங்கதான் நிப்பானுங்க. 'அண்ணே, தூக்கி விடுண்ணே'ம்பானுங்க. மூக்கு ஒழுகிக்கிட்டு."

"நீங்க தூக்கி விட்டிருக்கீங்களா ஹூகி?" மொய்ராவின் குரல் அவ்வளவு மென்மையாக இருந்தது.

"ஹூகி, டீ ஆறுது பாரு" என்றார் லாக்லன்.

"நானா? எனக்கு இடுப்பு ஒத்துக்காது. இவன்தான். தர்மப் பிரபு! அன்னிக்குக்கூடச் சொன்னேன், உள்ள கூட்டம் பிதுங்குது, வேணாம்டான்னு. கேட்டானா? பாவம்டா, காசில்லாம மழையில நிக்கிறான்னு தூக்கிட்டான்." ஹூகி படத்திலிருந்து நிமிர்ந்து, நண்பரை உண்மையான கவலையோடு பார்த்தார். "பச்சைக் குல்லா போட்ட பையன்டா. இடைவேளையில போய்க் கூட்டிட்டு வரேன்னியே, எங்கடா அவன்?"

எக்கின் சிரிப்பு நின்றுவிட்டது. ஹூகி பதிலுக்குக் காத்திருந்தார்.

"அந்தக் குல்லாவை அம்மா பின்னினா" என்றார் மொய்ரா, யாரையும் பார்க்காமல். "பேப்பர்ல அது வரல. யாருக்கும் தெரியாது." பிறகு லாக்லனைப் பார்த்தார். "காசு நான் குடுக்கலன்னு அம்பத்திநாலு வருஷமாச் சொல்லிட்டிருக்கேன்."

"மொய்ரா, நான் பல தடவை..."

"ஞாபகம் இருக்கிறவங்க ஒருத்தரும் வாயைத் திறக்கல. அதான் மறந்தவங்ககிட்ட வந்தேன்."

அப்போதுதான் லாக்லனுக்கு உறைத்தது. ஒன்பது வாரமாக இந்தத் தேநீரும் பிஸ்கட்டும், வருஷ வரிசையும், கைதட்டலும் எதற்காக என்று. மொய்ரா அவரைத் தேடி வரவில்லை. அவர்தான் வாராவாரம் தன் காரில், தன் பெட்ரோலில், சாட்சியைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார். அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட மோசம், கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

"மன்னிச்சிடுன்னு கேக்க எனக்கு வாயில்ல" என்றார்.

"எங்கிட்டக் கேக்க வேண்டாம்." மொய்ரா எழுந்தார். "அம்மாவுக்குத் தொண்ணூத்தொண்ணு. மேல்தெரு முதியோர் இல்லத்துல இருக்கா. நாலு மணி வரைக்கும் பாக்க விடுவாங்க. இன்னிக்கு வரைக்கும் என் கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிச்சதில்ல." படத்தை உறைக்குள் போட்டுக்கொண்டே, "அவளுக்கு மறதியெல்லாம் இல்ல. எல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு" என்றார்.

"ஹூகியை யாரு வீட்டுல..."

"நான் பாத்துக்கறேன்" என்றார் எக். அவர் குரலில் இப்போது எழுபத்தெட்டு வயதும் இருந்தது. லாக்லனை அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

மொய்ரா சுவர் கொக்கியிலிருந்து லாக்லனின் கோட்டை எடுத்துவந்து, அவருக்குப் பின்னால் விரித்துப் பிடித்தார். லாக்லன் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வலது கை கோட்டுக்குள் நுழைந்துவிட்டது. இடது கை மட்டும் நுழையும் வழியைத் தேடி, துணியில் முட்டி முட்டிப் பின்னால் அலைந்துகொண்டிருந்தது. மொய்ரா அவசரப்படுத்தவில்லை. இன்னும் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தபடி நின்றார்.