அடிபம்பில் எரிந்த அடுப்பு

1999 ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எண்ணூர் முகத்துவாரத்துக் குப்பத்தில் தேசப்பன் வீட்டு அடிபம்பு தண்ணீரை நிறுத்திவிட்டு நீலத் தீயைக் கொடுத்தது. கப்பல்களிலிருந்து சிந்திச் சிந்தியே அங்கே மண்ணுக்கடியில் ஒரு பனை ஆழத்துக்கு நிலக்கரி படிந்திருந்தது. அதைத் தோண்டாமல் கீழேயே கொளுத்தி, வாயுவாக்கிக் குழாயில் கொண்டுபோக ஒரு கம்பெனி வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. புகையில்லை, சாம்பலில்லை என்று அதன் இன்ஜினீயர் வரதன் சத்தியம் செய்திருந்தார். அது உண்மைதான், பாத்திரத்தில் கரிகூடப் பிடிக்கவில்லை.

"இன்னாய்யா, வாயப் பொளந்துகினு நிக்கிற? குண்டானை எடுத்தா" என்றாள் அவன் மனைவி பவுனம்மாள்.

ஆற்றில் இன்ன நாள் இன்னார்தான் வலை போடலாம் என்று முறை வைப்பது குப்பத்து வழக்கம். அதற்குப் பாடு என்று பெயர். அன்றைக்கு முறைக்காரன் சொன்னதுதான் சட்டம். தீக்கும் அப்படியே பாடு வைத்தார்கள். அந்தத் தீயில் வெந்ததைத் தின்றவர்கள் தரைக்கு ஒரு சாண் மேலே நடந்தார்கள். செருப்பு தேயவில்லை. கல்யாணப் பந்தியைக் கயிறு போட்டு இழுத்துக் கட்ட வேண்டியிருந்தது. மார்கழியில் ஆறு கொதித்தது; இறால்கள் வெந்து சிவந்து தாமாகவே கரையேறின. குப்பமே சிரித்துச் சிரித்துத் தின்றது.

தேசப்பனுக்கு மட்டும் சிரிப்பு நின்றது. அடுத்த வருஷத்துக்கு வளர வேண்டிய பொடி இறால் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. இன்னொரு வருஷம் இப்படியே போனால் வலை போட முறை இருக்கும், இறால் இருக்காது. வலையைத் தவிர அவனுக்கு வேறு வேலை தெரியாது.

"கவுச்சி வூடு தேடி வருது மாமு, உனுக்கு இன்னா பேஜாரு?" என்றான் பக்கத்து வீட்டு டில்லிபாபு, தின்றது அதிகமாகிக் கூரை உயரத்தில் மிதந்து பீடி பிடித்தபடி.

தேசப்பனும் பவுனம்மாளும் வரதனிடம் போனார்கள். "மேல எவ்வளவு சுத்தமா இருக்கு, பாருங்க" என்றார்.

"கீழ கலீஜா கீதே சார்! இந்தா, குடி" என்று பவுனம்மாள், கூமுட்டை நாறிய கிணற்றுத் தண்ணீரைச் சொம்போடு நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

தை மாதம் தீயின் முறை தேசப்பனுக்கு வந்தது. "இன்னிக்கு என் பாடு. அணைக்கப் போறேன்" என்றான். ஒருவருக்கும் மனமில்லை, ஆனால் முறைக்காரன் பேச்சைத் தட்டிப் பழக்கமும் இல்லை. காலில் ஈயக்குண்டு கட்டித் தரையிறங்கி, மணல் மூடிய முகத்துவாரத்தை எல்லாருமாக வெட்டித் திறந்தார்கள். கடல் வீட்டு வாசலுக்கே வந்தது. பம்பு அதை மூன்று நாள் மூச்சுவிடாமல் குடித்ததில் கீழே தீ அணைந்தது. வாயுக் குழாயில் உப்புநீர் ஏறியதும் கம்பெனி கூடாரத்தைக் கழற்றிக்கொண்டு போனது.

ஆடியில் தேசப்பன் வலையில் உயிருள்ள இறால் துள்ளியது. குடிதண்ணீருக்கு இன்றும் லாரிதான். கரி இருந்த இடத்தில் கடல் தங்கிவிட்டதால், அது ஏறும்போது குப்பம் ஒரு முழம் உயர்கிறது, வற்றும்போது இறங்குகிறது. ரேஷன் கார்டு விசாரிக்க வருகிறவர்கள் குப்பம் இறங்கும் நேரம் பார்த்து வருகிறார்கள்.