அண்ணியும் தரையும்

அன்றைக்கு அது என் கடைசி வகுப்பு. காலையிலிருந்து "மூச்சை விடுங்க, வயித்தை உள்ள இழுங்க" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது. பிலாட்டிஸ் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவளுக்குக் களைப்பே வராது என்று வருகிறவர்கள் நினைக்கிறார்கள். எனக்கோ இடுப்பு வலி, எரிச்சல், வீட்டில் துவைக்காத துணி வேறு மலைபோல் கிடந்தது.

கடைசியாக வருவது அண்ணி, என் அண்ணன் மனைவி. பெரிய உடம்பு. அதனால் எல்லாப் பயிற்சியையும் நாற்காலியில் உட்காரவைத்தே சொல்லிக்கொடுத்து வந்தேன். அவள் வருவதற்கு முன்பே கைப்பிடி இல்லாத அகல நாற்காலியைச் சுவரோரம் போட்டுவிடுவேன். மனசு நோகாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று என்னை நானே மெச்சிக்கொள்வதும் உண்டு.

அன்றைக்கு அண்ணி உட்காரவில்லை.

"நாற்காலி வேணாம். தரையிலேருந்து எழுந்திருக்கச் சொல்லிக்கொடு."

"எதுக்கு அண்ணி? முட்டி என்னத்துக்கு ஆகும்?"

"போன வாரம் சமையல்கட்டுல விழுந்துட்டேன். அடி ஒண்ணும் இல்ல. எழுந்திருக்கத்தான் முடியல. உங்கண்ணனும் ஊர்ல இல்ல. கத்தினேன். பக்கத்து வீட்டு ஆம்பளைங்க வந்து மூட்டை தூக்குற மாதிரி தூக்கினாங்க. நைட்டி எங்க ஏறிக் கிடந்துச்சோ, அதுகூடத் தெரியல. இனிமே என்னை யாரும் தூக்கக் கூடாது."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை நாளும் நான் அவளைத் தரைப்பக்கமே விடவில்லையே.

அந்த நாற்காலிக்கு முன்னால் பாயை விரித்தேன். நான் படித்த முறைப்படி ஒருக்களித்துப் படுத்து, முட்டி போட்டு, ஒரு பாதத்தை முன்னால் ஊன்றி எழ வேண்டும். அண்ணி முட்டி போடும்வரை வந்தாள். அதற்குமேல் பாதம் முன்னால் வர வயிறு வழிவிடவில்லை.

"வயித்தை உள்ள இழுங்க" என்று பழக்க தோஷத்தில் சொல்லித் தொலைத்தேன்.

"எங்கடி இழுக்கறது? நீயே வந்து இழு."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது, அவள்மேல் அல்ல. எனக்குச் சொல்லிக்கொடுத்தவளுக்கு வயிறு என்ற ஒன்றே கிடையாது. இரண்டு தலையணையைத் துப்பட்டாவால் வயிற்றோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு அண்ணி பக்கத்தில் முட்டி போட்டேன்.

அவள் முகம் சிவந்தது. "என்னடி, கிண்டலா?"

"சத்தியமா இல்ல அண்ணி. தெரியாமலே சொல்லிக்கொடுத்துட்டு இருக்கேன். எப்படி இருக்குன்னு நானே பார்க்கணும்."

எனக்கும் பாதம் வரவில்லை. குப்புற விழுந்தேன். அண்ணி வயிறு குலுங்கச் சிரித்தாள். அப்புறம் முட்டிகளை அகட்டி, வயிற்றைத் தொடைகளுக்கு நடுவே தாராளமாக விட்டு, பாதத்தைப் பக்கவாட்டில் சுற்றிக் கொண்டுவந்து பார்த்தேன். வந்தது. கைகளை நாற்காலியில் ஊன்றி எழுந்துவிட்டேன்.

அண்ணியும் அப்படியே செய்தாள். பாதியில் கால் வெடவெடத்தது. என் கை தானாக நீண்டது.

"கையை எடு."

எடுத்தேன். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க எழுந்து நின்றாள்.

அப்பாடா என்று தலையணைகளை அவிழ்த்துப் போட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். எனக்கு நிற்கவே தெம்பில்லை. அண்ணியோ பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல இறங்கி மறுபடி படுத்துக்கொண்டாள்.

"நீ வெளிய போய் நில்லு. கதவைச் சாத்திக்கோ. கூப்பிட்டாலும் வராத."

வெளியே சுவரில் சாய்ந்து நின்றேன். உள்ளே நாற்காலி கிறீச்சிட்டது. அப்புறம் சத்தமே இல்லை. பயத்தில் கதவின் கைப்பிடியைத் தொட்டேன், விட்டேன்.

கதவு உள்ளேயிருந்து திறந்தது.